ஹெப்பகோடியில் மேப்பிள் மரம்

பெங்களூர் மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறந்தபோது ஹெப்பகோடிக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. அதற்கு முன்பிருந்தே ஓசூர் சாலையில் அடுக்குமாடி விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. அந்தப் படங்களில் எந்நேரமும் அந்திப் பொழுதுதான். தெருவில் மின்கம்பி கிடையாது. பால்கனியில் துணி காய்வதில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகூட இல்லை. வாசலில் செக்கச்செவேலென்று மேப்பிள் மரம். ஊரில் நிற்பதோ புங்கமும் தூங்குமூஞ்சியும். படத்திலுள்ள ஏரி சுவிட்சர்லாந்து நீலம். நிஜ ஹெப்பகோடி ஏரியைத் தேற்றுவதற்கு மிதக்கும் தாவரத் தீவுகளை விட வேண்டியிருந்தது.

யாரும் திட்டமிட்டுச் சொன்ன பொய் அல்ல இது. படம் தயாரிக்கும் மென்பொருளின் கிடங்கில் மரம், மனிதர், கார், வானம் எல்லாம் தயாராக இருக்கின்றன. பெரும்பாலும் மேலைநாட்டுச் சரக்கு. விடிவதற்குள் படத்தை அனுப்பியாக வேண்டிய இளைஞர் கைக்கு அகப்பட்ட மரத்தை நடுகிறார். பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தால் பாதித் தவறு பிடிபட்டுவிடும். நிழலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பெங்களூரில் நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. டிசம்பர் மாத வெயில் வடக்குப் பார்த்த பால்கனியில் கொட்டுவதாக வரைந்தால் அது நடக்காத காரியம். நாலு நாளாக அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு இது தெரியாது. புதிதாகப் பார்ப்பவருக்கு உறுத்தும்.

சகாக்களின் கண்ணில் பட்டுத் தேறிய பாணிக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில், ஃபிராங்க் லாயிட் ரைட்டின் பட்டறையில் உதவியாளர்களுக்குள் வடிவமைப்புப் போட்டி நடக்கும். பெரும்பாலும் ஜெயித்தவர் மரியன் மஹோனி என்று அங்கே வேலை பார்த்த பாரி பர்ன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1894ல் எம்.ஐ.டி.யில் கட்டடக் கலைப் பட்டம் பெற்றவர் மஹோனி. ஜப்பானிய மர அச்சுப் படங்களின் சாயலில், இலையும் கிளையும் முன்னால் வர, அவற்றுக்கிடையே கட்டடம் தெரியும்படி வரைவது அவர் பாணி. 1910ல் பெர்லினில் வெளியான ரைட்டின் புகழ்பெற்ற தொகுப்பில் ஏறக்குறையப் பாதி அவர் கைவேலை என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. ஆனால் ‘மிஸ் மஹோனியின் டிசைன்’ என்று யாராவது சொன்னால் ரைட்டுக்குப் பிடிக்காதாம். சகாக்களிடம் கிடைத்த மரியாதை முதலாளியிடம் கிடைக்கவில்லை.

கணவர் வால்டர் பர்லி கிரிஃபினுடன் ஆஸ்திரேலியா போனதும் மஹோனி என்ன செய்தார் என்பதுதான் ஹெப்பகோடிக்காரர்கள் கவனிக்க வேண்டியது. அமெரிக்க மரத்தையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கவில்லை. அந்த மண்ணின் யூகலிப்டஸ் வகைகளைத் தனித்தனிச் சித்திரங்களாகத் தீட்டினார். (1936ல் கணவருக்குத் துணையாக லக்னோவுக்கும் வந்தார். மறு ஆண்டே கிரிஃபின் அங்கே இறந்தார், கல்லறையும் அங்கேதான்.)

சகாக்கள் பார்த்தாலே படம் திருந்திவிடும் என்றும் சொல்வதற்கில்லை. ‘இன்னும் கொஞ்சம் மினுக்கு’, ‘வானத்தை ஊதாவாக்கு’ என்று யோசனை சொல்பவரும் சகாதான். அழகாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் பொய்தான் மெருகேறும். இது எத்தனை மணி வெயில், இந்த மரம் இங்கே வளருமா, எதிர்வீட்டுச் சுவர் எங்கே போயிற்று என்று கேட்கிற ஆள் வேண்டும். விற்பனைப் பிரிவுக்கு அப்படிப்பட்டவரைக் கண்டால் ஆகாது.

ஆனால் சட்டம் அவர் பக்கம். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12வது பிரிவு, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ உள்ள தவறான தகவலை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு நிறுவனம் ஈடு தர வேண்டும் என்கிறது. திட்டத்திலிருந்து விலக நினைத்தால், கட்டிய மொத்தப் பணமும் வட்டியோடு திரும்ப வேண்டும். ‘இது ஓவியரின் கற்பனை’ என்று படத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ஒரு வரி போடும் வழக்கமும் தொடர்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ சேமிப்போடு வரும் குடும்பத்துக்குப் பொறியாளர் போட்ட பிளானைப் படிக்கத் தெரியாது. அவர்கள் பார்ப்பது படத்தை. வடக்குப் பால்கனியில் அடிக்கும் அந்த டிசம்பர் வெயிலுக்கும் சேர்த்துத்தான் இருபது வருடம் தவணை கட்டுகிறார்கள்.