சேமவச்சு

புறநானூற்றின் 102-ஆம் பாட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியின் மகனாகிய பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. உப்பு வாணிகராகிய உமணர் நெடுவழி புறப்படுங்கால், பூட்டிய எருதுகளின் இளமையையும், ஏற்றிய பாரத்தின் மிகுதியையும், முன்னறியப்படாத வழியின் இயல்பையும் எண்ணி, வண்டியின் அடியில் வேறோர் அச்சினையும் கட்டிக்கொள்வர். அதுவே சேமவச்சு. எழினிக்கு அதனையே உவமையாக்கினார் புலவர். பாரவண்டியும், தந்தையின் பின் பொறுப்பேற்கும் மகனும் ஒரு பாட்டில் ஒருங்கே நிற்பது கருதற்பாலது. குடும்பத்தார் நடத்தும் லாரித் தொழிலை ஆராய்வார்க்கு இதனினும் சிறந்த அளவுகோல் கிடைத்தல் அரிது. எத்தனை லாரிகள் ஓடுகின்றன என்று வினவுதல் உலக வழக்கு. எத்தனை சேமவச்சுக்கள் கட்டப்பட்டுள்ளன என்று வினவுதலே தக்கது என்பது என் கருத்து.

தமிழ் பயில்வோனுக்கு லாரிக் கணக்கில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கலாம். அபிராமபுரத்தில் யாம் உண்ணும் அரிசியும் பருப்பும் வெங்காயமும் எம் தெருவில் விளைந்தன அல்ல. நகரம் உறங்கும்போது அவற்றைச் சுமந்து வருவன லாரிகள். அவற்றை உடையவருட் பெரும்பாலோர் பெருமுதலாளிகள் அல்லர். ஒன்று முதல் ஐந்து வண்டிகள் வரை வைத்திருக்கும் எளிய குடும்பத்தார். அக்குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலும் அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் இஃது அயலார் விஷயம் அன்று.

முதற்கண் இத்தொழிலின் இயல்பை நோக்குவோம். லாரித் தொழிலில் நுழைதல் எளிது, நிலைத்தல் அரிது. முன்பணம் சிறிது இருப்பின் எஞ்சியதைக் கடனாகப் பெற்று யாரும் வண்டி வாங்கலாம். அங்ஙனம் வாங்குவோர் பலராதலின் வாடகை உயர்வதில்லை. டீசல், டயர், ஓட்டுநர் சம்பளம், சுங்கம், காப்புறுதி, மாதத் தவணை ஆகியவை வாடகை குறைந்ததென்று காத்திரா. போகும்போது சரக்கு நிறைந்திருப்பினும், திரும்புங்கால் வெறுவண்டியாக வந்தால் போன இலாபமும் வழியிலே கரைந்துபோகும். பெர்மிட்டு அரசாங்கத்தின் கையில் உளது. எனவே வண்டி என்பது யாரும் வாங்கத்தக்க பொருள். அதனைக்கொண்டு ஒருவன் ஈட்டும் நம்பிக்கையே பிறர் வாங்கவொண்ணாத முதல்.

இவ்வுண்மைக்குத் தமிழ்நாடு தரும் சிறந்த சான்று டி. வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனமாகும். 1877-ஆம் ஆண்டு திருக்குறுங்குடியிற் பிறந்த அவர், வழக்கறிஞராகத் தொடங்கி, இரயில்வேயிலும் வங்கியிலும் பணிபுரிந்து, பின்னர் அவற்றை விடுத்து 1911-ஆம் ஆண்டிலே தம் பெயரால் வாணிகம் தொடங்கினார். 1912-இல் அவர் பஸ் ஓட்டத் தொடங்கினார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு, சதர்ன் ரோட்வேஸ் என்னும் பெயரால் பஸ்களும் லாரிகளும் பெருகின. அவர்தம் பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டனர் மக்கள் என்று இன்றும் முதியோர் கூறுவர். மாட்டு லாடத்தினின்று சாலையில் உதிர்ந்த ஆணிகள் டயரைத் துளைக்கா வண்ணம், காந்தம் பூட்டிய வண்டியொன்றைச் செலுத்தி அவற்றை அகற்றினார் என்றும் கூறுவர். ஆணி பொறுக்குதல் அற்பச் செயலாகத் தோன்றலாம். டயர் வெடித்தால் காலம் தவறும். காலம் தவறினால் நம்பிக்கை போகும். நம்பிக்கை போனபின் பஸ் வெறும் இரும்பே.

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் கிடைத்தல் அரிதாயிற்று. அப்போது கரிவாயுவினால் வண்டியை ஓட்டும் கருவியை அவர் நிறுவனம் செய்து அளித்தது. தேய்ந்த டயரைப் புதுப்பிக்கும் தொழிலையும் அது மேற்கொண்டது. 1954-ஆம் ஆண்டிலே அவர் மகன் டி. எஸ். சந்தானம் சென்னையில் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனத்தை இரண்டு லட்ச ரூபாய் முதலோடு தொடங்கி, பஸ்ஸும் லாரியும் வாங்குவார்க்குக் கடன் அளிக்க முற்பட்டார். 1955-இல் தந்தையார் மறைந்தார். அதன் பின்னர் 1960-இல் வீல்ஸ் இந்தியா, 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ்., 1962-இல் சுந்தரம் கிளேட்டன் எனச் சக்கரமும் மின்கருவியும் பிரேக்கும் செய்யும் ஆலைகள் எழுந்தன. வண்டி ஓட்டியபோது எப்பொருளின் குறையால் இடர்ப்பட்டனரோ, அப்பொருளையே செய்து விற்கத் தலைப்பட்டனர் என்க. வண்டியின் அடியிற் கட்டிய அச்சுக்கள் இவையே.

வழியின் பள்ளம் 1971-ஆம் ஆண்டில் வந்தது. பெரிய பஸ் நிறுவனங்களின் பஸ்களை அரசாங்கமே எடுத்துக்கொள்ளும் சட்டம் அவ்வாண்டில் இயற்றப்பட்டது. 1972-இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றிற்று. அறுபது ஆண்டுகள் ஓடிய பஸ்கள் கைவிட்டுப் போயின. அச்செயலை யான் குறைகூறேன். இலாபம் இல்லாத சிற்றூருக்கும் பஸ் செல்வதும், ஏழை மாணவர் கட்டணமின்றிப் பள்ளிக்குச் செல்வதும் பொதுவுடைமையால் விளைந்த நன்மைகள். ஈண்டுக் கருதற்குரியது வேறு. பஸ் ஒன்றனையே நம்பியிருந்த குடும்பமாயின், அன்றே அதன் கதை முடிந்திருக்கும். இக்குடும்பமோ பஸ்ஸை இழந்தது. பஸ்ஸினாற் பெற்ற அறிவை இழக்கவில்லை.

இனி, மேட்டிலும் பள்ளத்திலும் முறியாத வண்டி பாகப்பிரிவினையில் முறிதல் உண்டு. நிறுவனருடைய மக்களின் நான்கு கிளைகள் வெவ்வேறு தொழில்களை நடத்திவந்தன. உடைமையோ பின்னிக் கிடந்தது. 2020-ஆம் ஆண்டிலே அவர்கள் தமக்குள் உடன்படிக்கை எழுதிக்கொண்டனர். 2022-இல் அது நடைமுறைக்கு வந்து, எவர் நடத்தினரோ அவர்க்கே உடைமையும் ஆயிற்று. நூறாண்டு கடந்த பின்னரே இது நிகழ்ந்தது எனினும், தெருவிலே சண்டையிட்டுப் பிரியாமல் ஏட்டிலே எழுதிப் பிரிந்தமை போற்றத்தக்கது.

இந்நிறுவனத்தின் பெயரில் ஐயங்கார்க்குப் பின் 'அண்டு சன்ஸ்' என்னும் சொற்கள் நிற்கின்றன. புதல்வரையன்றிப் புதல்வியரை அப்பெயர் சுட்டவில்லை. ஆயினும் அவர் மகளாகிய டாக்டர் சௌந்தரம், ஜி. இராமச்சந்திரனோடு காந்திகிராமத்தை நிறுவிய பெருமாட்டியார். இன்று அக்குலத்துப் பெண்மணிகள் ஆலைகளின் தலைமை ஏற்று நடத்துகின்றனர். 2022-இல் சுந்தரம் கிளேட்டனின் நிர்வாக இயக்குநராகிய இலட்சுமி வேணு அவருள் ஒருவர். மகனை மட்டுமே சேமவச்சாகக் கருதும் குடும்பம், தன் வண்டியின் அடியிற் கிடக்கும் நல்ல மரத்தைக் காணாத குடும்பமாம்.

குடும்பத்தில் தக்கார் இலராயின் என் செய்வது? அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில், அல் ஷ்னைடர் என்பார் 1935-இல் தம் குடும்பக் காரை விற்று முதல் லாரியை வாங்கினார். அவர் மகன் டான் அதனைப் பெருநிறுவனமாக வளர்த்தார். 2002-இல் குடும்பத்தைச் சேராத ஒருவரிடம் தலைமைப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. 2017-இல் பொதுமக்களுக்குப் பங்குகள் விற்கப்பட்டன. ஆயினும் வாக்குரிமையின் பெரும்பகுதியைக் குடும்பம் தன்னிடமே நிறுத்திக்கொண்டது. உடையவனே ஓட்டவேண்டும் என்னும் விதி யாண்டும் இல்லை.

இவையெல்லாம் பெருஞ்செல்வர்க்கு இயலும். மூன்று லாரி உடையான் பிரேக்கு ஆலை கட்டுவனோ என்று வினவுவாருமுளர். வினா நன்றே. எனக்கு நன்கு தெரிந்த குடும்பம் ஒன்று உண்டு. தந்தையார் மூன்று லாரிகள் வைத்திருந்தார். மைந்தர் இருவரும் அவரோடு உழைத்தனர். வாடகைப் பணமும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், திருமணச் செலவும் ஒரே பெட்டியிலிருந்தன. கணக்கு அவருடைய நினைவிலன்றி வேறெங்கும் இலது. அவர் மறைந்த ஓராண்டிற்குள், யாருக்கு எவ்வளவு என்று கூற ஒருவரும் இலராகவே, உடன்பிறந்தார் பேச்சை நிறுத்தினர். தவணை தவறிற்று, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலைபோயின. மூத்தவருடைய மகள் இரண்டாம் ஆண்டிலேயே கல்லூரியை விட்டு நின்றாள். அவளுடைய கல்வியை நிறுத்தியது வாடகைக் குறைவு அன்று; எழுதப்படாத கணக்கு.

சிறியோர் கட்டத்தக்க சேமவச்சுக்கள் சிலவற்றைக் கூறுவேன். வீட்டுப் பெட்டி வேறு, லாரிப் பெட்டி வேறு ஆகுக. உழைக்கும் மைந்தர்க்கும் சம்பளம் என்று ஒரு தொகை குறிக்கப்படுக. வண்டி ஆண்டுதோறும் தேய்கின்றது. அத்தேய்மானத்தைக் கழியாமல் எஞ்சியதனைத்தையும் இலாபம் என்று உண்பவன், தன் லாரியையே சிறிது சிறிதாக உண்கின்றான். ஆதலின் தேய்மானத்திற்கு ஈடாக மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்குக. ஒரே வணிகரின் சரக்கை நம்பாமல், திரும்பும் வழிக்கும் சரக்கு தேடிக்கொள்க. ஓட்டுநருக்கு உறக்கம் அளிக்க. கண்விழித்து ஓட்டி ஈட்டிய பொருள் ஒரு விபத்தில் மொத்தமும் போகும். யாருக்கு எப்பங்கு என்பதை, அன்பு குறையாத நாளிலேயே எழுதிவைக்க. அன்பு இருக்கும்போது எழுதுதல் அவநம்பிக்கை ஆகாதோ என்பர். அற்றன்று. உமணன் முறியும் என்று எண்ணியா அச்சைக் கட்டினான்? முறிந்தாலும் உப்பு ஊர்போய்ச் சேரவேண்டும் என்றே கட்டினான்.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி முதலிய ஊர்களில் லாரியை நம்பி வாழும் குடும்பங்கள் எண்ணிறந்தன. 'எங்களைப்போல நீயும் இதில் உழலவேண்டா. படித்துப் பிழைத்துக்கொள்' என்று கூறியே பல தந்தையர் தம் மக்களைக் கல்லூரிக்கு அனுப்புகின்றனர். அவர்தம் துன்பத்தை அறிவேம். அவ்வறிவுரையை முழுதும் ஒப்போம். கற்றவர் அனைவரும் அகன்றுவிடின், கணக்கறியாக் கைகளிலேயே அத்தொழில் என்றும் கிடக்கும். லாரியை ஓட்டவேண்டும் என்று யான் கூறவில்லை. நண்பர்காள், இவ்விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒரு புதிய கணக்கேட்டை வாங்கிச் செல்லுங்கள். தந்தையார் அருகமர்ந்து, அவர் நினைவில் உள்ள கடனையும் வரவையும் பங்கையும் கேட்டு எழுதுங்கள்.