தூக்க முடியாத கையும் கைகழுவும் அரசும்

கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட பின் இறந்துபோன இரண்டு இளம்பெண்களின் பெற்றோர் தொடுத்த வழக்கில், ஒன்றிய அரசு 2022 நவம்பரில் உச்சநீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. தடுப்பூசி கட்டாயமில்லை, மக்கள் விரும்பியே போட்டுக்கொண்டார்கள், ஆகவே பாதிப்புக்கு அரசு நேரடிப் பொறுப்பல்ல. இழப்பீடு வேண்டுவோர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம் என்பதே அதன் சாரம். சான்றிதழில் பிரதமரின் படம் இருந்தது. பொறுப்பேற்க மட்டும் ஆளில்லை!

மரணத்துக்கே இந்தப் பதில் என்றால், தோள் முடங்கியவர் நிலை என்ன? ஊசி தோளின் டெல்டாய்டு தசையில் இறங்கவேண்டும். சற்று மேலே தவறினால் மூட்டையொட்டிய நீர்ப்பையில் மருந்து புகுந்து அழற்சி உண்டாகலாம். இரண்டு நாட்களுக்குள் வலி தொடங்கும். சிலருக்கு மாதக்கணக்கில் கை தலைக்கு மேல் எழாது. நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவருக்கு அது வேதனை. நகரி, புத்தூர் விசைத்தறித் தொழிலாளிக்கும், சித்தூர் மாங்கூழ் ஆலையில் சுமை தூக்குபவருக்கும் அது பட்டினி. அரசின் ஏட்டிலோ இதன் பெயர் ‘சிறு பாதிப்பு’. அதுவும் ஏட்டில் ஏறினால்தான்.

அவர் எங்கே போவார்? திருப்பதியில் தனியார் மருத்துவமனையில் 780 ரூபாய் கொடுத்து கோவிஷீல்டு போட்டுக்கொண்டவர் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995லேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. காசு கொடுத்தவன் நுகர்வோர். கொடுக்க இயலாதவன் யாருமல்ல. எஞ்சுவது உரிமையியல் வழக்கு. வக்கீல் கட்டணம், மருத்துவ நிபுணரின் சாட்சியம், ஆண்டுக்கணக்கான வாய்தா. அத்தனைக்கும் மேலாக, ஊசி போட்டவரின் அலட்சியத்தை நிரூபிக்கவேண்டும்.

ஊசி போட்டவர் யார்? நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற இலக்கை முதுகில் சுமந்து, உட்கார நேரமின்றி நின்ற கிராம சுகாதாரச் செவிலியர். தறித் தொழிலாளியை அந்தச் செவிலியருக்கு எதிராகக் கூண்டில் ஏற்றிவிட்டு, திட்டம் தீட்டிய அரசும் லாபம் பார்த்த நிறுவனங்களும் ஒதுங்கி நிற்கின்றன. இதைத்தான் சட்டப்பூர்வத் தீர்வு என்கிறார்கள்.

தவறை நிரூபிக்காமலே இழப்பீடு என்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஆலை விபத்தில் கை இழந்தவர் முதலாளியின் அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையில்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டம் அதைத்தான் சொன்னது. மருந்துப் பரிசோதனையில் பங்கேற்றுப் பாதிக்கப்படுபவருக்கு 2019 விதிகளில் இழப்பீடு உண்டு. முதலாளித்துவத்தின் தலைமையகமான அமெரிக்காவில்கூட 1986 சட்டப்படி, தடுப்பூசிக்கு விதிக்கும் 75 சென்ட் வரியிலிருந்து நிதி திரட்டப்படுகிறது. 2017 முதல் ஊசியால் நேரும் தோள் காயமும் அதன் பட்டியலில் இருக்கிறது. (கோவிட் ஊசிக்கு அங்கேயும் வேறு, கஞ்சத்தனமான ஏற்பாடுதான் என்பதையும் சொல்லியாகவேண்டும்.)

நிதி இல்லை என்பார்களா? ஏறத்தாழ 220 கோடி டோஸ்களில் கடுமையான பாதிப்புகள் 2,782 மட்டுமே என்று அதே பிரமாணப் பத்திரம் பெருமை பேசுகிறது. அவ்வளவு சொற்பம் என்றால் கொடுப்பதற்கு என்ன தயக்கம்? கேரள உயர்நீதிமன்றம் 2022 செப்டம்பரிலேயே, மூன்று மாதங்களுக்குள் இழப்பீட்டுக்கு வழிகாட்டு நெறிமுறை வகுக்கச் சொன்னது.

தடுப்பூசிக்கு எதிராகப் புரளி கிளப்புவோருக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெரியம்மையையும் இளம்பிள்ளை வாதத்தையும் விரட்டியது தடுப்பூசிதான். ஊருக்காகத் தோளைக் கொடுத்தவரை ஊர் கைவிட்டால், புரளிக்கு அதைவிட நல்ல தீனி கிடைக்காது. 2021 ஜனவரியில் குண்டூரில் தடுப்பூசிக்குப் பின் ஆஷா ஊழியர் ஒருவர் இறந்தபோது, இழப்பீடு கேட்டு மருத்துவமனையில் போராடிய அவருடைய தோழியர் தடுப்பூசியை எதிர்த்தவர்கள் அல்லர். அதை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தவர்கள்.

அலட்சியத்தை நிரூபிக்கச் சொல்லாத இழப்பீட்டுச் சட்டம் வேண்டும். இழந்த கூலியும் அதில் சேரவேண்டும். மாவட்ட மருத்துவக் குழு குறித்த காலத்தில் முடிவு சொல்லவேண்டும். சித்தூர், திருப்பதி மாவட்டக் கிளைகள் தறிக்கூடங்களிலும் ஆலை வாயில்களிலும் பாதிக்கப்பட்டோரின் விவரங்களை ஊசி போட்ட தேதி, இடம், இழந்த வேலைநாட்களோடு எழுதி வாங்கி, ஆட்சியர்களிடம் மனுவாகக் கொடுக்கவேண்டும். செவிலியர்களையும் ஆஷா ஊழியர்களையும் அந்த மனுவில் கையெழுத்திட அழையுங்கள்.