கேட்பதற்கு ஏற்ற மண்டபம்

"கச்சேரி எப்படி?" என்று வினவுவோர் பலர். "மண்டபம் எப்படி?" என்று வினவுவோர் மிகச் சிலர். பாடகரின் சாரீரத்தையும் பக்கவாத்தியக்காரரின் திறமையையும் மறுநாட் காலைவரை அலசி ஆராயும் நாம், அவ்விசை நம் செவியை வந்தடைந்த வழியைப் பற்றிச் சிந்திப்பதில்லை. அடுப்பைக் கவனியாது மாவைக் குறைகூறுபவரின் செயலை ஒத்தது இது.

சில காலத்துக்கு முன் என் மாணவர் நால்வரை ஒரு வீணைக் கச்சேரிக்கு அழைத்துச் சென்றேன். அவர்களுள் மூவருக்கு அதுவே முதற் கச்சேரி. பெரிய மண்டபம், பளபளக்கும் தரை, மேடையின் இருமருங்கிலும் ஆளுயர ஒலிபெருக்கிகள். வித்துவானோ நல்ல ஞானஸ்தர். ஆயினும் அவர் தந்தியை இழுத்து எழுப்பிய கமகம் எங்கள் இருக்கையை அடையுமுன்னரே மிருதங்க ஒலியில் மூழ்கிப்போயிற்று. அம்மிருதங்க ஒலியும் ஒன்றாக நில்லாது, பின்சுவரிற் பட்டு இரண்டாகத் திரும்பி வந்தது. வீடு திரும்பும் வழியில் ஒருவன், "சேர், வீட்டிலே றேடியோவில் கேட்டால் இதைவிடத் தெளிவாயிருக்குமே. நாங்கள் ஏன் இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டான். அவ்வினாவுக்கு அன்று என்னிடம் விடையில்லை. விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். 17 மீற்றருக்கு அப்பாலுள்ள வெறுஞ் சுவரிற் பட்டு அது மீள்வதற்குப் பத்தில் ஒரு செக்கன் கழிந்துவிடும். செவி அதனை வேறோர் ஒலியாகக் கொள்வதற்கு அந்த இடைவெளி போதும். இதுவே எதிரொலி. சுவர்கள் அண்மையிலிருப்பின் மீளும் ஒலிகள் தனித்தனியே கேளா. ஒன்றோடொன்று இழைந்து, மூல ஒலி நின்ற பின்னும் சிறிது நேரம் எஞ்சி நிற்கும். இதனை எதிர்முழக்கம் என்பர். எதிர்முழக்கம் அறவே இல்லாவிடில் இசை வறண்டு தோன்றும். அது மிகுந்துவிட்டாலோ, ஒரு சுரத்தின்மேல் மறுசுரம் ஏறிக் குழம்பும்.

இதனை முதன்முதலில் முறையாக அளந்து கணக்கிட்டவர் அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திற் பௌதிகவியல் கற்பித்த வாலஸ் சபைன் என்பவர். 1895 ஆம் ஆண்டில் அங்கு புதிதாய் எழுந்த விரிவுரை மண்டபமொன்றில், கூறிய சொல் ஐந்து செக்கனுக்கு மேல் முழங்கிற்று. பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. சபைன் அயலிலிருந்த அரங்கின் மெத்தைகளை இரவு வேளையிற் கொணர்ந்து பரப்பி, ஓர்கன் குழாயை ஒலித்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தைகள் பெருகப் பெருக முழக்கம் குறைந்தது. மண்டபத்தின் கனவளவையும் அதிலுள்ள பொருள்கள் ஒலியை உறிஞ்சும் அளவையும் அறிந்தால், கட்டுவதற்கு முன்னரே முழக்க நேரத்தைக் கணக்கிடலாம் என்று கண்டார். அவருடைய ஆலோசனையோடு எழுந்து 1900 இல் திறக்கப்பட்ட பொஸ்ரன் சிம்பனி மண்டபம், உலகின் தலைசிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகின்றது.

அவருடைய ஆராய்ச்சியில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. மனிதரும் ஒலியை உறிஞ்சுவர். அமர்ந்திருக்கும் ஒருவர், ஒலியைப் பொறுத்தமட்டில், ஏறத்தாழ அரைச் சதுர மீற்றர் திறந்த யன்னலுக்குச் சமம். 400 பேர் கூடினால், 200 சதுர மீற்றர் யன்னல் திறந்தாற் போலாகும். எனவே கேட்க வந்தவரும் மண்டபத்தின் ஓர் அங்கமே. மெத்தையிட்ட இருக்கைகள் விரும்பப்படுவதன் காரணமும் இதுதான். ஆள் வராத இடத்திலும் அவை ஆளின் வேலையைச் செய்கின்றன.

மேனாட்டுப் பெருவாத்தியக் குழுவின் இசைக்கு ஏறத்தாழ இரண்டு செக்கன் முழக்கத்தை விரும்புவர். பேச்சுக்கு ஒரு செக்கனளவு போதும். நமது இசை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆலாபனைக்குச் சிறிது முழக்கம் அழகு செய்யும். தனியாவர்த்தனத்துக்கு அது பகை. சாகித்தியத்தின் சொற்களும் விளங்கவேண்டுமன்றோ? ஆகவே பேச்சுக்கேற்ற மண்டபத்தைச் சற்றே தாண்டிய முழக்கம் நமக்குப் போதுமென்பது என் கருத்து.

வாத்தியத்துக்கேற்ற இடமும் வேண்டும். நல்லூர்க் கந்தனின் 25 நாள் மகோற்சவத்தில் வீதியெங்கும் நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கக் கேட்டிருக்கிறோம். திறந்த வெளியிலே ஒலிக்குச் சுவரின் துணையில்லை. தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் செறிவு நாலில் ஒன்றாகும். அவ்வெளியை வெல்லும் ஆற்றல் அவ்வாத்தியங்களுக்கு உண்டு. தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933 - 1975) போன்றோரை இம்மண் ஈன்றதற்குக் கோயில் வீதிகளும் ஒரு காரணமெனலாம். அதே தவிலைத் தாழ்ந்த கூரையின் கீழ் ஒலிபெருக்கியோடு வைத்தாற் செவி தாங்குமா? வீணையை வீதியில் வைத்தாலோ காற்றுத்தான் கேட்கும்.

இனி, ஒலிக்கு அப்பாற்பட்ட வசதிகள் சில. கேட்பவர் மேடையைக் காணவேண்டும். கிரேக்க நாட்டிலே கி.மு. நான்காம் நூற்றாண்டில் எழுந்த எப்பிடோரஸ் அரங்கில், மலைச்சரிவிற் படிப்படியாக இருக்கைகள் அமைத்தனர். முன்னிருப்பவரின் தலை பின்னிருப்பவரின் பார்வையை மறைப்பதில்லை; ஒலியின் வழியையும் அடைப்பதில்லை. சரிவான தரை இயலாதவிடத்து மேடையையாவது சற்று உயர்த்தலாம். கிறீச்சிடும் நாற்காலிகளும், கடகடக்கும் மின்விசிறிகளும், பஸ் வண்டிகள் உறுமும் தெருவை நோக்கிய வாயிலும் எவ்வளவு நல்ல கச்சேரியையும் கெடுத்துவிடும். முதியோர் ஏறத்தக்க படிகளும், குழந்தையோடு வந்த தாய் எழுந்து செல்ல ஒரு பக்க வழியும் வேண்டும். கடைசி பஸ் புறப்படுமுன் மங்களம் பாடி முடிப்பதும் சபையினரின் கடமையே. இன்றேல் இரசிகர் பாதிக் கச்சேரியில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பர்.

ஒலிபெருக்கியை நான் பகைக்கவில்லை. பெரிய சபைக்கு அது வேண்டியதே. ஆனால் அதனை இயக்குபவர் மேடையின் பின்னே மறைந்திராது, சபையின் நடுவே அமர்ந்து, நாம் கேட்பதையே தாமும் கேட்கவேண்டும். சிற்றொலியைத் தூக்கிக் கொடுப்பதே அவருடைய தொழில். பேரொலியை மேலும் பெருக்குவதன்று. நல்ல மண்டபத்துக்கு என் அளவுகோல் ஒன்றே: கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தம்பூராவின் சுருதி கேட்கின்றதா? கேட்குமாயின் மற்றவையெல்லாம் கேட்கும்.

அக்கச்சேரிக்குச் சில மாதங்களின் பின், கிராமத்து வாசிகசாலையொன்றில் வீணை வாசிப்பு நடப்பதாக அறிந்து, வினாத் தொடுத்த அதே மாணவனை அழைத்துக்கொண்டு சைக்கிளிற் சென்றேன். ஓட்டுக் கூரை, திறந்த யன்னல்கள், தரையிற் பாய், ஏறத்தாழ அறுபது பேர். ஒலிபெருக்கி இல்லை. சுருதி சேர்ந்ததும் முதியவர் ஒருவர் எழுந்து, "விசிறியை நிற்பாட்டட்டோ?" என்று சபையைக் கேட்டார். புழுக்கமான மாலை, எனினும் எல்லாரும் தலையசைத்தனர். விசிறி நின்றது. யாரோ ஒருவர் தம் கைத்தொலைபேசியை அணைத்தார். அதைக் கண்டு மற்றவரும் அணைத்தனர். தாயொருத்தி அழத் தொடங்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குச் சென்று, யன்னலோரம் நின்று கேட்டாள். தந்தியில் விரல் வழுக்கும் ஓசைகூட எங்களை வந்தடைந்தது.

சபைனின் கணக்கை அவ்வாசிகசாலையைக் கட்டியோர் அறிந்திருக்க நியாயமில்லை. அங்கே ஓடும் பாயும் யன்னலும் பாதி வேலையைச் செய்தன; மீதியை அந்த அறுபது பேரும் செய்தனர். நம் ஊர்களில் இத்தகைய சிறு மண்டபங்கள் இன்னும் உள்ளன. பெரு மண்டபம் கட்டப் பொருள் திரட்டும் சபைகள், அவற்றையும் மாதமொருமுறையேனும் திறந்து விளக்கேற்றுமாயின், இளையோருக்கு இசையின் வாயில் அங்கேயே திறக்கும். முதற் கச்சேரியிலே செவி சலித்த பிள்ளை இரண்டாவதற்கு வாரான். அவன் வாராவிடின், நாளை எவர்க்காக வீணையை மீட்டுவது?

திரும்பும்போது மாணவன் வழிநெடுக ஒன்றும் பேசவில்லை. பிடிக்கவில்லைப் போலும் என்று எண்ணினேன். அவன் வீட்டுப் படலையடியில் இறங்கியவன், சற்றுத் தயங்கி நின்று, "அடுத்தது எப்ப, சேர்?" என்றான்.