பழைய ரிவால்வர்: உருக்கவா, படிக்கவா?



ரிவால்வர் என்றதும் சினிமா வில்லன்தான் ஞாபகத்துக்கு வருவான். நான் சொல்ல வந்தது வேற. 1887-ல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட வெப்லி ரிவால்வர். கீல் வைத்த பெட்டி மாதிரி நடுவில் மடங்கும். மடக்கினதும் ஆறு காலித் தோட்டாக்களையும் ஒரே தள்ளாக வெளியே தள்ளிவிடும். ராட்செட், ஸ்பிரிங், நெம்புகோல்... மெக்கானிக்கல் சிலபஸில் பாதி அந்த ஒரு சாமானுக்குள்ளே இருக்கு!

வெளிநாட்டில் இதையெல்லாம் தபால்தலை மாதிரி சேர்க்கிறார்கள். பிரிட்டனில், தோட்டா வழக்கொழிந்துபோன பழங்காலத் துப்பாக்கியை அலங்காரப் பொருளாக வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம். ஆனால் என்ன ஆச்சு? ரவுடிகள் அதற்கும் தோட்டா தேடிக்கொண்டார்கள். 2021-ல் ஏழு தோட்டா அளவுகளை அந்தச் சலுகையிலிருந்து நீக்க வேண்டி வந்தது.

நம்ம நாட்டில் .380, .455 தோட்டா போடும் ரிவால்வர்கள் தடை செய்யப்பட்ட ரகம். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமாக ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. சரிதான், இதில் எனக்குச் சண்டை இல்லை. பழைய தோட்டாவை வெடிக்கும் என்றும் நம்ப முடியாது, வெடிக்காது என்றும் நம்ப முடியாது. சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு மருந்தைப் பற்றிப் பாடம் எடுக்கணுமா?

1940 மார்ச் 13, லண்டன் காக்ஸ்டன் ஹால். உத்தம் சிங் கையில் இருந்தது .455 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். போட்ட தோட்டாக்களோ பழசு, அளவிலும் சிறிசு. ஜாலியன்வாலாபாக் காலத்து பஞ்சாப் கவர்னர் ஓ'டயர் அங்கேயே இறந்தார். ஜெட்லண்ட் பிரபு உட்பட மூன்று பேர் காயத்தோடு தப்பினார்கள். அளவு என்றால் என்ன என்பதை மெட்ராலஜி லேபில்கூட இப்படிச் சொல்லித் தர முடியாது.

என் வருத்தம் வேறு. பிளவக்கல், வத்திராயிருப்பு பக்கம் வேட்டைக் கதை சொல்லாத தாத்தா உண்டா? அந்த மலை 2021-லிருந்து புலிகள் காப்பகம். கதை மிச்சம். கதையில் வந்த துப்பாக்கிகள் எங்கே? ஒப்படைத்ததும், பறிமுதல் செய்ததும் பழைய இரும்பாகப் போனால் யாருக்கு லாபம்?

பகத்சிங் 1928-ல் லாகூரில் சாண்டர்ஸைச் சுட்ட கோல்ட் பிஸ்டல், இந்தூரில் எல்லைப் பாதுகாப்புப் படை மியூசியத்தில் கறுப்புப் பெயிண்டுக்குள் பெயரில்லாமல் கிடந்தது. 2016-ல் பெயிண்டைச் சுரண்டி நம்பரைப் பார்த்த பிறகுதான் இன்னாருடையது என்று தெரிந்தது. உருக்கியிருந்தால்?

பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவே விலக்குத் தருகிறது. அப்புறம் என்ன தயக்கம்? குழலை அடைத்து, ஊசியை எடுத்து, பக்கவாட்டில் அறுத்து, பாலிடெக்னிக்குகளுக்குக் கொடுங்கள். யாருடையது, எந்த வருஷம் என்று ஒரு அட்டையும் கூட வையுங்கள். தோட்டா மட்டும் வேண்டவே வேண்டாம்!

வாஞ்சிநாதன் 1911-ல் மணியாச்சியில் சுட்ட கதை தெரியாத பிள்ளை நம்ம பக்கம் கிடையாது. அந்தக் காலத்துக் கைத்துப்பாக்கி உள்ளே எப்படி வேலை செய்தது என்று பார்த்த பிள்ளை எத்தனை பேர்? நம்ம மன்றம் கலெக்டருக்கு மனு எழுதட்டும். முதல் கையெழுத்து நான் போடுறேன்.