முன்பயிற்சியும் அணியின் ஒழுங்கும்

இங்கிலாந்தின் கால்பந்து அணிகளுக்கு ஆண்டுப் பிறப்பு ஜூலை மாதத்தில்தான். மே மாத இறுதியில் போட்டிகள் முடிவுற்று ஓய்வுக்குச் சென்ற ஆட்டக்காரர்கள், ஜூலைத் தொடக்கத்தில் பயிற்சித் திடலுக்குத் திரும்புகின்றனர். ஆகஸ்டில் லீக் போட்டிகள் தொடங்கும்வரை உள்ள ஐந்தாறு வாரங்களை முன்பயிற்சிக் காலம் எனலாம். மான்செஸ்டர் யுனைடெட் அணியின் வெற்றி தோல்விகளை நெடுங்காலமாகத் தொடர்ந்து கவனித்துவரும் நமக்கு, கோப்பைக்கான இறுதி ஆட்டங்களைவிட இந்த ஐந்தாறு வாரங்களே அதிகச் சிந்தனையைத் தூண்டுகின்றன. ஓர் அணியின் உடல்வலிமை மட்டுமன்றி, அதன் ஒழுங்கும் அப்போதுதான் உருவாகிறது. சில வேளைகளில் அப்போதே குலையவும் தொடங்குகிறது.

இக்காலத்தில் நடைபெறும் வேலை வெளியார் கண்ணுக்கு அவ்வளவாகப் புலப்படுவதில்லை. விடுமுறையில் தளர்ந்த தசைகளையும் மூச்சையும் மீட்பதற்கு முதலில் ஓட்டம். பின்னர் பந்துடன் பயிற்சி. பந்து எதிரணியின் வசமானால் எவர் எங்கே ஓடி நிற்க வேண்டும் என்ற பாடம். கடைசியில் நட்பு ஆட்டங்கள். இந்த நட்பு ஆட்டங்களுக்குப் புள்ளிகள் கிடையா. பயிற்றுநர்கள் இடைவேளையில் ஏறக்குறைய அணி முழுவதையுமே மாற்றிவிடுவதுண்டு. தொலைவிலுள்ள ரசிகர்களைச் சந்திக்கவும், வருவாய் ஈட்டவும் ஆசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அணிகள் பயணம் செய்கின்றன. ஆகவே இவ்வாட்டங்களின் முடிவைக் கொண்டு வரும் பருவத்தைக் கணிப்பது, ஒத்திகையைப் பார்த்துவிட்டு நாடகத்துக்குத் தீர்ப்புச் சொல்வது போன்றதே.

2022-ஆம் ஆண்டு இதற்குத் தக்க சான்று. நெதர்லாந்து நாட்டவரான எரிக் டென் ஹாக் அவ்வாண்டு யுனைடெட் அணியின் பயிற்றுநர் பொறுப்பை ஏற்றார். ஜூலை 12-ஆம் நாள் பாங்காக் நகரில் நடந்த முதல் நட்பு ஆட்டத்திலேயே, பரம எதிரியான லிவர்பூல் அணியை 4-0 என்று வென்றது யுனைடெட். அடுத்து மெல்போர்ன் நகரில் இரு வெற்றிகள். ரசிகர்களின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் ஆகஸ்ட் 7-ஆம் நாள், லீக் போட்டியின் முதல் ஆட்டத்தில், சொந்தத் திடலான ஓல்டு டிராஃபோர்டிலேயே பிரைட்டன் அணியிடம் 1-2 என்று தோற்றது. ஆறு நாட்கள் கழித்துப் பிரென்ட்ஃபோர்டு அணியிடம் 0-4 என்று வீழ்ந்தது. அந்த நான்கு கோல்களும் முதல் 35 நிமிடங்களிலேயே விழுந்தன. பாங்காக் வெற்றியின் மதிப்பு இவ்வளவுதான்.

அத்தோல்விக்குப் பின் நிகழ்ந்ததே நம் கவனத்துக்குரியது. அன்றைய ஆட்டத்தில் பிரென்ட்ஃபோர்டு ஆட்டக்காரர்கள் ஓடிய மொத்தத் தொலைவு, யுனைடெட் ஆட்டக்காரர்கள் ஓடியதைவிட 13.8 கிலோமீட்டர் அதிகம். மறுநாள் விடுமுறையை ரத்துசெய்த டென் ஹாக், அந்த 13.8 கிலோமீட்டரையும் கோடை வெயிலில் ஓடுமாறு ஆட்டக்காரர்களுக்குக் கட்டளையிட்டார். அத்தோடு நிற்கவில்லை; ஐம்பது வயதைக் கடந்த அவர் தாமும் அவர்களோடு ஓடினார். தோல்வியில் தமக்கும் பங்குண்டு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த முடியாது. ஆகஸ்ட் 22-ஆம் நாள் லிவர்பூல் அணி ஓல்டு டிராஃபோர்டுக்கு வந்தது. அணித்தலைவர் ஹாரி மகுவயரும், உலகப் புகழ்பெற்ற கிறிஸ்டியானோ ரொனால்டோவும் தொடக்க அணியில் இடம்பெறவில்லை. ஜேடன் சாஞ்சோவும் மார்க்கஸ் ராஷ்ஃபோர்டும் அடித்த கோல்களால் யுனைடெட் 2-1 என்று வென்றது. ஓடியதால் மட்டும் வெற்றி கிட்டியதென நாம் கூறவில்லை. தண்டனையை விதித்தவரே அதில் பங்கேற்றபோது, அத்தண்டனை ஆட்டக்காரர்களை அவரிடமிருந்து விலக்கவில்லை என்பதே நாம் காணும் உண்மை.

வாசக அன்பர்களே, ஓர் அணியில் ஒழுங்கு எவ்வாறு நிலைநாட்டப்படுகிறது, எவ்வாறு தவறிப்போகிறது என்பதை அறிய, அதே அணியில் அக்காலத்தில் நடந்த நான்கு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாமவர் அலெகாந்திரோ கர்னாச்சோ. 2022 ஜூலையில்தான் பதினெட்டு வயது நிறைந்தவர், திறமை மிக்கவர். ஆனால் முன்பயிற்சிச் சுற்றுப்பயணத்தில் அவருடைய மனப்பாங்கு சரியாக இல்லை என்று அணியின் மூத்த ஆட்டக்காரர் புரூனோ பெர்னாண்டஸே பின்னர் வெளிப்படையாகக் கூறினார். பருவத்தின் தொடக்க மாதங்களில் அவருக்கு அதிக வாய்ப்புக் கிட்டவில்லை. எனினும் அவரை எவரும் கைவிடவில்லை. தம்மைத் திருத்திக்கொள்ளக் காலம் தரப்பட்டது. நவம்பர் 3-ஆம் நாள் ஸ்பெயினின் ரியல் சோசியடாட் அணிக்கு எதிராக அவர் யுனைடெட்டுக்காகத் தம் முதல் கோலை அடித்தார். பத்து நாட்கள் கழித்து, ஃபுல்ஹம் அணிக்கு எதிரான ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றிக் கோலை அடித்தவரும் அவரே.

இரண்டாமவர் ராஷ்ஃபோர்ட். 2022 டிசம்பர் 31-ஆம் நாள் வுல்வர்ஹாம்ப்டனில் ஆட்டம். அப்பருவத்தில் கோல்களைக் குவித்துக்கொண்டிருந்த ராஷ்ஃபோர்டின் பெயர் தொடக்க அணியில் காணப்படவில்லை. அதிக நேரம் உறங்கிவிட்டதால் அணிக் கூட்டத்துக்குச் சற்றுத் தாமதமாக வந்தார்; அதற்கான தண்டனை அது. இடைவேளைக்குப் பின் களத்தில் இறக்கப்பட்ட அவர், 76-ஆம் நிமிடத்தில் ஆட்டத்தின் ஒரே கோலை அடித்து வெற்றி தேடித் தந்தார். காரணத்தை அவரே செய்தியாளரிடம் மறைக்காமல் எடுத்துரைத்தார். ஏமாற்றமாயிருந்தாலும் முடிவைப் புரிந்துகொள்வதாகவும் கூறினார். குற்றம் சிறியது, தண்டனையும் சிறியது, அரை ஆட்டம் மட்டுமே. இடைவேளை முடிந்ததும் கணக்குத் தீர்ந்தது. அப்பருவத்தில் அவர் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து அடித்த கோல்கள் 30.

மூன்றாமவர் ரொனால்டோ. குடும்பக் காரணங்களால் அவர் 2022-இன் முன்பயிற்சிச் சுற்றுப்பயணத்தில் கலந்துகொள்ளவில்லை. அதற்கு அணியின் இசைவும் இருந்தது. ஜூலை 31-ஆம் நாள் ஓல்டு டிராஃபோர்டில் நடந்த நட்பு ஆட்டத்தில் பாதிவரை ஆடிய அவரும் வேறு சிலரும், ஆட்டம் முடியுமுன்னரே திடலைவிட்டு வெளியேறினர். அது ஏற்கத்தகாத செயல் என்று டென் ஹாக் கூறினார். அக்டோபர் 19-ஆம் நாள் டோட்டன்ஹாம் அணிக்கு எதிரான ஆட்டத்தில், மாற்று ஆட்டக்காரராக இறங்க மறுத்து, ஆட்டம் முடியுமுன் அவர் மீண்டும் வெளியேறியபோது, அடுத்த ஆட்டத்துக்கான அணியிலிருந்து நீக்கப்பட்டார். நவம்பரில் அளித்த தொலைக்காட்சிப் பேட்டியில், பயிற்றுநர்மீது தமக்கு மதிப்பில்லை என்று அவர் சொன்னார். நவம்பர் 22-ஆம் நாள் இரு தரப்பு இசைவுடன் அவருடைய ஒப்பந்தம் முடிவுற்றது. பதினெட்டு வயது இளைஞருக்கு ஒரு சட்டம், ஐந்து முறை உலகின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்வுபெற்றவருக்கு வேறொரு சட்டம் என்று இருந்திருந்தால், அவ்வணியில் எவரும் எச்சட்டத்தையும் மதித்திருக்கமாட்டார். 2023 பிப்ரவரி 26-ஆம் நாள் நியூகாசில் அணியை 2-0 என்று வென்று யுனைடெட் லீக் கோப்பையைப் பெற்றது. ஆறு ஆண்டுகளில் அவ்வணி பெற்ற முதற் கோப்பை அது. லீக்கிலும் மூன்றாம் இடம் கிட்டியது.

நான்காமவரின் கதைதான் நம்மை வருத்துகிறது. 2021-இல் 7 கோடியே 30 லட்சம் பவுன் கொடுத்து வாங்கப்பட்ட சாஞ்சோ, 2023 செப்டம்பர் 3-ஆம் நாள் ஆர்சனல் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அணியில் சேர்க்கப்படவில்லை. காரணம் கேட்ட செய்தியாளரிடம், பயிற்சியில் அவர் காட்டிய திறன் போதாது என்று டென் ஹாக் பதிலளித்தார். அன்றே சாஞ்சோ, அது உண்மையன்று என்றும், நெடுநாளாகத் தம்மைப் பலிகடா ஆக்குகின்றனர் என்றும் சமூக வலைத்தளத்தில் எழுதினார். செப்டம்பர் 14-ஆம் நாள், அவர் முதல் அணியினரிடமிருந்து பிரிந்து தனியே பயிற்சி பெறுவார் என்று அணி நிருவாகம் அறிவித்தது. வாரங்கள் மாதங்களாயின, பிணக்குத் தீரவில்லை. 2024 ஜனவரியில் அவர் தம் பழைய அணியான ஜெர்மனியின் டார்ட்முண்டுக்கு இரவலாக அனுப்பப்பட்டார். அங்கே அவர் மீண்டும் மலர்ந்தார். ஜூன் 1-ஆம் நாள் வெம்பிளித் திடலில் ரியல் மாட்ரிட் அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் களமிறங்கினார். அந்த 2023-24 பருவத்தில் யுனைடெட் லீக்கில் பெற்றதோ எட்டாவது இடம்.

தவறு எவருடையது என்று ஆராய்வது நம் நோக்கமன்று. பயிற்றுநரை ஊரறிய மறுத்துப் பேசும் ஆட்டக்காரரைக் கண்டிக்காமல் விட்டால் அணி நிலைக்காது என்று சொல்வோர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் மற்ற நிகழ்ச்சிகளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். கர்னாச்சோவின் குறை சுற்றுப்பயணத்தின்போது ஊருக்குப் பறைசாற்றப்படவில்லை. அவர் திருந்திய பின்னரே வெளியே தெரிந்தது. ராஷ்ஃபோர்டின் தண்டனைக்கு முடிவு நேரம் இருந்தது. சாஞ்சோவின் குறையோ ஒலிவாங்கியின் முன் சொல்லப்பட்டது. மறுமொழியும் ஊரார் முன்னிலையில் வந்தது. அதன்பின் இருவருக்குமே பின்வாங்குவது மானப் பிரச்சினையாகிவிட்டது. 2024 ஜூலையில், அடுத்த முன்பயிற்சி தொடங்கியபோது இருவரும் அமர்ந்து பேசினர். சாஞ்சோ பயிற்சிக்குத் திரும்பினார். ஆயினும் காலம் கடந்துவிட்டது. ஆகஸ்ட் முடிவில் அவர் செல்சி அணிக்கு இரவலாகச் சென்றார். அக்டோபர் 28-ஆம் நாள் டென் ஹாக்கும் பணி நீக்கப்பட்டார். பத்து மாதங்களுக்கு முன்பு ஓர் அறைக்குள் நடந்திருக்க வேண்டிய பேச்சு அது.

கண்டிப்பும் பரிவும் ஒருவரிடமே குடியிருக்க முடியுமா என்று சிலர் ஐயுறலாம். இதே அணியை 1986 முதல் 2013 வரை நடத்தி, 13 முறை லீக் பட்டம் பெற்றுத் தந்த அலெக்ஸ் ஃபெர்குசனின் வரலாறு அதற்கு விடை கூறும். அணியில் ஊறியிருந்த குடிப்பழக்கத்தை ஒழிப்பதில் அவர் உறுதியாயிருந்தார். 1989 கோடையில் ரசிகர்களின் அன்புக்குரிய பால் மெக்ராத்தையும் நார்மன் வைட்சைடையும் தயங்காமல் விற்றார். ஒழுங்குக்கு விலையுண்டு, அந்த விலையை யுனைடெட் கொடுத்தது. ஆஸ்டன் வில்லாவுக்குச் சென்ற மெக்ராத், 1993-இல் சக ஆட்டக்காரர்களின் வாக்கால் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வுபெற்றார்.

அதே ஃபெர்குசன் 1995-இல் என்ன செய்தார்? அவ்வாண்டு ஜனவரி 25-ஆம் நாள், களத்திலிருந்து வெளியேற்றப்பட்ட எரிக் கான்டோனா, தம்மை இழித்துப் பேசிய பார்வையாளர் ஒருவரை எட்டி உதைத்தார். மேல்முறையீட்டுக்குப் பின் 120 மணி நேரச் சமூகப் பணி என்று நீதிமன்றம் தண்டனை விதித்தது. செப்டம்பர் இறுதிவரை ஆடக் கூடாதெனக் கால்பந்துச் சங்கம் தடைசெய்தது. அவ்வாண்டு முன்பயிற்சிக் காலத்தில், பார்வையாளரின்றி நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில் கான்டோனா ஆடியதற்குச் சங்கம் விளக்கம் கேட்டது. மனம் வெறுத்த அவர் இங்கிலாந்தை விட்டே விலக முடிவுசெய்து பாரிசுக்குச் சென்றுவிட்டார். ஃபெர்குசன் பாரிசுக்கே பயணம் செய்து, அவரைச் சந்தித்துப் பேசி, மனம் மாற்றி அழைத்துவந்தார். தண்டனைக் காலத்தில் ஒரு நாள்கூடக் குறைக்கப்படவில்லை. ஆனால் தண்டிக்கப்பட்டவர் தனியே விடப்படவில்லை. அக்டோபர் 1-ஆம் நாள் களம் திரும்பிய கான்டோனா, லிவர்பூலுக்கு எதிராகப் பெனால்டி கோல் அடித்தார். 1996 மே மாதத்தில் லீக் பட்டத்தோடு, அவரே தலைமை தாங்கி ஒரே கோலையும் அடித்த இறுதி ஆட்டத்தில் எஃப்.ஏ. கோப்பையும் யுனைடெட்டுக்குக் கிடைத்தன.

ஒழுங்கு என்பது ஒருமுறை ஊட்டி முடித்துவிடும் மருந்தன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வேறொரு பயிற்றுநரின் காலத்தில் ராஷ்ஃபோர்டும் கர்னாச்சோவும் அணியில் இடமிழந்தனர். ராஷ்ஃபோர்ட் 2025-இல் முதலில் ஆஸ்டன் வில்லாவுக்கும், பின்னர் பார்சிலோனாவுக்கும் இரவலாகச் சென்றார். கர்னாச்சோ அவ்வாண்டு ஆகஸ்டில் செல்சிக்கு விற்கப்பட்டார். கடந்த ஆண்டின் ஓட்டம் இந்த ஆண்டின் மூச்சுக்கு உதவாததுபோல, கடந்த ஆண்டின் ஒழுங்கும் இந்த ஆண்டுக்குப் போதாது. அதனால்தான் ஒவ்வொரு ஜூலையிலும் எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்குகின்றனர்.

வளரும் பிள்ளைகளை உடைய பெற்றோர் இந்நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்ப்பது நன்று. மூத்தவனுக்கும் இளையவனுக்கும் சட்டம் ஒன்றாயிருக்கட்டும். குற்றத்தின் அளவே தண்டனையின் அளவாயிருக்கட்டும்; அது எப்போது முடியும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும். விருந்தினர் முன்னிலையில் சொல்லும் கண்டனத்தைவிட, அறைக்குள் சொல்லும் கண்டனமே பயன் தரும். கோபித்துக்கொண்டு போனவனை அழைத்துவரப் பெரியவர் முதலில் எழுந்து செல்வதால் பெரியவரின் மதிப்புக் குறைவதில்லை.

ஆகவே அடுத்த ஜூலையில் நட்பு ஆட்டங்களின் செய்திகளை நாளிதழில் படிக்கும்போது, எத்தனை கோல் என்பதை மட்டும் பார்த்துப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். எவர் தாமதமாக வந்தார், எவர் முடியுமுன் வெளியேறினார், பயிற்றுநர் அவரிடம் எங்கே, எப்படிப் பேசினார் என்பதையும் தேடிப் படியுங்கள். அவ்வணி அடுத்த மே மாதத்தில் எங்கே நிற்கும் என்பதற்கான குறிப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.