தேர் திரும்பும் பக்கம்



வைகாசிப் பெருவிழாவில் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோவில் தேர் வீதிமுனையில் திரும்புவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வடம் பிடிப்போர் எத்தனை பேராயினும், தேரைத் திருப்புகிறவர் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடுபவரே. இடச்சக்கரம் தடைபட, வலச்சக்கரம் முன்னேற, தேர் இடப்புறம் திரும்புகிறது. பல்லாண்டு கண்டும் இதன் பொருளை நாம் உணர்ந்தது ஒரு பழைய காரினால்தான்.

சென்ற கோடையில், விடியற்காலை, பிள்ளையார்பாளையத் தெருவொன்றில் சைக்கிளில் வந்த சிறுவன் குறுக்கிட்டான். பிரேக்கை அழுத்தினோம். சிறுவனை விட்டு விலகிய கார், இடப்புறத்தில் பாவு விரித்திருந்த நெசவாளர் குடும்பத்தை நோக்கி இழுத்துச் சென்று, ஒரு முழத் தொலைவில் நின்றது. அந்தப் பட்டுப்பாவின் விலையை அவர்கள் சொல்லவில்லை. நாமும் கேட்கத் துணியவில்லை.

இடப்புறம் இழுத்தமையால் இடச்சக்கரத்திலேயே குறை என்று தீர்ப்பளித்துவிட்டோம். மெக்கானிக் தம்பியோ, "சாமி, இடதுபுறம் ஒழுங்காகப் பிடிக்கிறது. பிடிக்காதது வலதுதான்" என்று சொல்லி, வலச்சக்கரத்தைக் கழற்றினார். டிரம்மின் உள்ளே வீல் சிலிண்டர் கசிந்து, லைனிங் முழுதும் பிரேக் ஆயிலில் ஊறிக் கிடந்தது. ஆயில் குடித்த லைனிங்கைத் துடைத்து மாட்டலாகாது. மாற்றும்போது இரு புறமும் ஒருசேர மாற்ற வேண்டும். ஒருபுறம் புதியதும் மறுபுறம் பழையதுமானால் மீண்டும் இழுக்கும். செலவைக் கேட்டு நாம் முகம் சுளித்தது உண்மையே.

முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் உள்ள கார்களில், காலிபரின் பிஸ்டன் துருவேறி இறுகுவதுண்டு. ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பி ஆயிலைத் தடுப்பதும் உண்டு. பிரேக்கை மிதியாதபோதும் கார் இழுக்குமானால், முதலில் டயர்க் காற்றைப் பாருங்கள். பின்னர் வீல் அலைன்மெண்ட். மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரம் தாழ்ந்திருத்தலால், சற்றே இடம் சாய்வது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டா.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. ஆளில்லாச் சாலையில் சில முறை பிரேக் போட்டு நிறுத்தியபின், முன்சக்கரங்களின் அருகே புறங்கையை நீட்டுங்கள், தொட்டுவிடாதீர்கள். ஒன்று குளிர்ந்திருந்தால் அது உழைக்கவில்லை. ஒன்று மட்டும் மிகக் கொதித்தால், அது பிடியை விடாமல் உரசுகிறது.

மறுவாரம் அதே தெருவுக்குச் சென்றோம். கார் நேராகவே நின்றது. ஆயினும் நம்மைக் கண்டதும் அவ்வீட்டு முதியவர் எழுந்து, பாவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.