கறுப்புப் பட்டியலில் ஏறிய கடைப் பெயர்



சரக்கில் கலப்படம், எடையில் குறைவு, வாங்கிய கடனைத் திருப்பாமை என்று ஒரு வியாபாரியின் பெயர் கெடுவதற்கு நாம் அறிந்த காரணங்கள் உண்டு. இவற்றில் ஒன்றையும் செய்யாமல், இரவு கடையைப் பூட்டிக் காலையில் திறப்பதற்குள் பெயர் கெட்டுப்போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருக்க மாட்டோம். சென்ற ஆண்டு எங்களுக்கே நேர்ந்தது.

தாம்பரத்தில் எங்களுடையது மளிகை மொத்த வியாபாரம். சில்லறைக் கடைக்காரர்கள் ஆர்டரை வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் வண்டலூர், கேளம்பாக்கம் பக்கத்துக் கல்லூரி விடுதிகளும் கேன்டீன் காண்டிராக்டர்களும் மின்னஞ்சலில்தான் விலை கேட்கிறார்கள். விலைப்புள்ளி, பில், பாக்கி விவரம் எல்லாம் அதில்தான் போகவேண்டும். இதற்காகக் கடைப் பெயரிலேயே முகவரி வைத்து, ஒரு சிறிய கம்ப்யூட்டர் கம்பெனிக்கு ஆண்டுச் சந்தா கட்டி வருகிறோம். ஆடி முடிந்து சரக்கு நகரும் சமயத்தில், ஒரு விடுதிக்கு அனுப்பிய துவரம்பருப்பு, எண்ணெய் விலைப்புள்ளி 550 என்ற எண்ணும் நான்கு வரி ஆங்கிலமுமாகத் திரும்பி வந்தது. பையன் முகவரியைத் தப்பாக அடித்துவிட்டான் என்று அவனைக் கடிந்துகொண்டோம். பாவம், அவன் மேல் தவறில்லை. மறுநாள் மேலும் ஆறு கடிதங்கள் திரும்பின. அதற்குள் விடுதி மேலாளர், "அண்ணாச்சி, உங்க விலையே வரலியே, வேற இடத்துல சொல்லிட்டோம்" என்றார்.

நடந்தது இதுதான். எங்கள் கணக்குக் கம்ப்யூட்டரின் ரகசியச் சொல், கடைப் பெயரும் அதையொட்டி 123-உம். எவனோ அதைக் கண்டுபிடித்து, இரவு முழுவதும் எங்கள் முகவரியிலிருந்து ஆயிரக்கணக்கில் குப்பைக் கடிதங்களை அனுப்பியிருக்கிறான். உடனே அந்தச் சர்வரின் எண் கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. அதே சர்வரில் இருந்த மற்ற கடைகளின் கடிதங்களும் எங்களால் நின்றன.

இந்தப் பட்டியல்களை அரசாங்கம் போடவில்லை. 1997-இல் அமெரிக்காவில் பால் விக்ஸி என்பவர் முதல் பட்டியலைத் தொடங்கினார். 1998-இல் லண்டனில் ஸ்டீவ் லின்ஃபோர்டு தொடங்கிய ஸ்பாம்ஹாஸ்தான் இன்று பெரிய பெயர். கடிதம் வந்ததும் வாங்கும் சர்வர், அனுப்பிய சர்வரின் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. இருந்தால் வாசலிலேயே திருப்பிவிடுகிறது. பட்டியல் வைத்திருப்பவர், "நாங்கள் கருத்துத்தான் சொல்கிறோம், தடுப்பது கடிதம் வாங்குபவரின் விருப்பம்" என்பார். வாங்குபவரோ பட்டியலைக் காட்டுவார். நடுவில் நிற்பவன் வியாபாரி.

வழக்குப் போட்டால் என்ன என்று எங்கள் மகன் கேட்டான். போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இ360 என்ற அமெரிக்க நிறுவனம் ஸ்பாம்ஹாஸ் மீது வழக்குப் போட்டு, எதிர்த்தரப்பு வாதாடாத நிலையில் 2006-இல் 1 கோடியே 17 லட்சம் டாலர் நஷ்டஈடு பெற்றது. அப்பீலுக்கு மேல் அப்பீலாகப் போய், 2011-இல் அது 3 டாலராகச் சுருங்கிற்று. வக்கீல் ஃபீஸை யார் கட்டினார்களோ!

ஆகவே வழக்கை விட்டு வழியைப் பார்த்தோம். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் காரணத்தை ஆராயாமல், பட்டியல் பக்கத்தில் நீக்க விண்ணப்பத்தை அனுப்பினார். நீங்கியது. அன்றிரவே குப்பைக் கடிதம் மறுபடி கிளம்பியது, பெயரும் மறுபடி ஏறியது. ஓட்டைச் சாக்கைத் தைக்காமல் சிந்திய அரிசியை அள்ளிப் போட்ட கதை. பிறகுதான் கணக்குக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து, எல்லா ரகசியச் சொற்களையும் மாற்றி, எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப உரிமையுள்ள சர்வர் எது என்று அறிவிக்கும் எஸ்பிஎஃப் பதிவையும், கடிதத்தில் முத்திரை இடும் டிகேஐஎம் முறையையும் அமைத்தார்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்குக் கடிதம் அனுப்பும் யாரும் இவற்றில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்திருக்கிறது. நாளொன்றுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும் வேண்டும். இரண்டாம் விண்ணப்பத்தில், என்ன நடந்தது, என்ன சரிசெய்தோம் என்று ஒளிக்காமல் எழுதினோம். இரண்டு நாளில் பெயர் நீங்கியது. இடையில் ஒருவர் போன் செய்து, பணம் கட்டினால் உடனே எடுத்துத் தருவதாகச் சொன்னார். கொடுத்துவிடாதீர்கள். ஸ்பாம்ஹாஸ் பெயரை நீக்கக் காசு வாங்குவதில்லை.

இதெல்லாம் சின்னக் கடைக்குத்தான் என்று எண்ணவேண்டாம். நம் ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரிக்கு அருகே தலைமையகம் வைத்திருக்கும் ஜோஹோ நிறுவனத்துக்கும் இதைப்போல ஒன்று நேர்ந்தது. 2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை, ஜோஹோ.காம் என்ற பெயரையே அதன் பதிவு நிறுவனமான அமெரிக்காவின் டியராநெட் முடக்கிவிட்டது. ஜோஹோ அஞ்சலைப் பயன்படுத்தி யாரோ மோசடிக் கடிதம் அனுப்பியதாகப் புகார்கள் வந்தன என்பது காரணம். புகார்கள் மூன்றுதான் என்றும், இரண்டில் ஏற்கெனவே நடவடிக்கை எடுத்துவிட்டதாகவும் ஜோஹோ சொன்னது. கோடிக்கணக்கானோர் நம்பியிருக்கும் சேவை நின்றது. அதன் அப்போதைய தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் வெளிப்படையாக உதவி கேட்ட பிறகு, சில மணி நேரத்தில் பெயர் மீண்டது. பதிவையும் க்ளவுட்ஃப்ளேர் நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

அவர் குரல் கொடுத்தால் உலகம் கேட்கிறது. குரோம்பேட்டை, செலையூர் கடைக்காரர் யாரிடம் குரல் கொடுப்பார்? எங்கள் மனக்குறை இதில்தான். பட்டியலே கூடாது என்று சொல்லமாட்டோம். அது இல்லாவிட்டால் நம் அஞ்சல் பெட்டி ஒரே நாளில் குப்பைமேடாகும். இரவு ஆயிரக்கணக்கில் மோசடிக் கடிதம் போகும்போது, முதலில் கடைக்காரரைக் கேட்டுவிட்டுப் பிறகு தடுக்க முடியாது என்பதும் புரிகிறது. தடுத்த பிறகாவது, இன்ன காரணத்தால் தடுத்தோம் என்று தகவல் வரவேண்டாமா? சந்தா வாங்கும் கம்பெனிக்கு அந்தத் தகவலைத் தேடிச் சொல்லும் கடமை இல்லையா? எங்களுக்கு அது தெரிந்தது, கடிதங்கள் திரும்பிய இரண்டாம் நாளில், நாங்களே விசாரித்த பிறகு.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. பாக்கி வைத்த சில்லறைக்காரரின் பெயரை மண்டி மண்டியாகச் சொல்லி, சரக்குக் கொடுக்காதீர்கள் என்று நாமும் தடுத்ததுண்டு. அவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தோமா?

சங்கம் அடுத்த கூட்டத்துக்கு விவரம் தெரிந்த ஒருவரை அழைத்து, உறுப்பினர்களின் அஞ்சல் முகவரிகளைச் சோதித்துத் தரச் செய்யலாம். சந்தா கட்டும் கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்தில், சர்வர் பட்டியலில் ஏறினால் அன்றே தெரிவிக்கவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். எங்கள் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டோம். அந்த விடுதி ஆர்டர் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.